பத்து விரலும் பாரைக் குழம்பும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பில் இருக்கிற எங்கள் மேலாளர் கணினித் திரையில் தோன்றி, "எல்லாரும் எப்படி இருக்கிறீங்க? விரலில காட்டுங்க பார்ப்பம்" என்பார். பத்து விரல் என்றால் முழுச் சந்தோசம். ஒரு விரல் என்றால் ஆள் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் ஏழு பேரும் ஏழு சதுரங்களுக்குள் இருந்தபடி பத்து விரல்களையும் விரித்துக் காட்டுவோம். யாரோ துவக்கை நீட்டிக் கையைத் தூக்கச் சொன்னதுபோல இருக்கும் அந்தக் காட்சி. அவர் முகம் மலர்ந்து நன்றி சொல்லுவார். அந்த வாரத்து ஊழியர் நலன் அத்துடன் முடிந்துவிடும்.

அவரில் பிழை சொல்ல மாட்டேன். நல்ல மனுசி, எங்களைப் பற்றி உண்மையாகவே யோசிக்கிறவர். ஆனால் எங்கள் பக்கத்தில் "எப்படிச் சுகம்?" என்று கேட்டால் காய்ச்சலில் படுத்திருக்கிறவனும் "சுகம்" என்றுதான் சொல்லுவான். அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருப்பதாக யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் வேலை போனில் ஏச்சு வாங்குவது. குளிர்சாதனப்பெட்டி குளிராவிட்டாலும் சலவை இயந்திரம் சுற்றாவிட்டாலும் தமிழ் பேசுகிற வாடிக்கையாளர்கள் எங்களுக்குத்தான் எடுப்பார்கள். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு கடைக்கு மேல் எங்கள் கந்தோர் இருந்தது. நான்தான் அங்கே பொறுப்பு. வாடகை கட்டுவது வீண் என்று ஒருநாள் நிறுவனத்துக்குப் பட்டது. கந்தோரை மூடி, ஆளுக்கொரு லப்டொப்பைத் தந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதலில் எல்லோருக்கும் சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. பஸ்ஸுக்கு ஓடத் தேவையில்லை. சேலை மடிப்பைச் சரிபார்க்கத் தேவையில்லை. கிண்ணியாத் தம்பி மேலே கொலர் வைத்த சட்டையும் கீழே சாரமுமாக வேலை செய்து, ஒருநாள் மறந்து எழும்பி நின்று எல்லோருக்கும் காட்டியும் விட்டார். ஊர்ப் பெயராலேயே ஆளைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கிண்ணியா, நிலாவெளி, கட்டைபறிச்சான் என்றால் எங்களுக்கு ஊர்கள் அல்ல, ஆட்கள்.

சில மாதங்களில் புளுகம் வடிந்துவிட்டது. எங்களுக்கு இல்லாமல் போனது கந்தோர் அல்ல, மத்தியானச் சாப்பாட்டு மேசை. அங்கே ஒருவரும் தன் கறியைத் தான் மட்டும் தின்றதில்லை. பெட்டிகளைத் திறந்து நடுவில் வைப்போம், கைகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிற கிண்ணியாத் தம்பி எங்களோடு சேர்ந்த பிறகு, யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே இறைச்சி நின்று, மேசை மீனும் மரக்கறியுமாக மாறியது. காலையில் வாங்கிய ஏச்செல்லாம் அந்த மேசையில் பகிடியாகிவிடும்.

அங்கே முதலில் காலியாகிற பெட்டி கட்டைபறிச்சான் தங்கச்சியுடையது. பிறந்தது தம்பலகாமத்தில், வயல்காரர் வீட்டில். கலியாணம் முடித்துக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிட்ட இருக்கிற கட்டைபறிச்சானுக்குப் போனவள். புருசன் கட்டாரில் வேலை. போனிலும் அவள்தான் எங்கள் பலம். கொதித்துக்கொண்டு வருகிற எந்த ஆளையும், "நீங்கள் சொல்லுறது சரிதான் ஐயா, ஃபிரிட்ஜுக்குள்ள பால் பழுதாப்போனா ஆருக்குத்தான் கோவம் வராது" என்று சொல்லி ஆற வைத்துவிடுவாள். நான் அப்படி அல்ல. எனக்கு ஏசினால் எனக்கும் ஏசத்தான் வரும்.

மேசை போன பிறகு, மத்தியானத்தில் எங்கள் போன் குழுவுக்கு ஒரு கேள்வி போடத் தொடங்கினேன்: "இண்டைக்கு என்ன கறி?" வேறு ஒன்றும் கேட்பதில்லை. பதில்கள் கொட்டும். சுகத்தைக் கேட்டால் மறைக்கிறவர்கள் கறியைக் கேட்டால் மறைக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நிலாவெளித் தம்பி, கடற்கரை வீட்டுப் பிள்ளை, தொடர்ந்து "பாணும் பருப்பும்" என்று போட்டபோது எடுத்துக் கதைத்தேன். தாய் ஆஸ்பத்திரியில், அவர் தனியாக ஓடித் திரிகிறார். வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தேன். பத்து விரலில் அது தெரிந்திருக்காது.

மார்கழி மழை தொடங்கிய நேரம் கட்டைபறிச்சான் தங்கச்சி எனக்கு எடுத்தாள்.

"அக்கா, இந்த மாத முடிவோட வேலையால நிக்கப் போறன்."

"ஏன், என்ன நடந்தது? ஆரும் ஏதும் சொன்னதோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. எனக்கு ஏலாமல் கிடக்கு. அவ்வளவுதான்."

எவ்வளவு நோண்டியும் அதற்கு மேல் வரவில்லை.  கேட்டால் கொழும்பு இன்னொருவரை எடுத்துத் தந்திருக்கும், வேலை நின்றுவிடாது. ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் இல்லாத குழுவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னால் அதுதான் காரணம்.

குழப்பம் என்னவென்றால், அவளுடைய கறிகள் அந்த நாட்களில் ஒன்றை ஒன்று மிஞ்சின. இறால் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி, நண்டுக் குழம்பு. இப்படிச் சாப்பிடுகிறவளுக்கு என்ன குறை என்று யோசித்தேன். மாத முடிவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முழுக்க வாடைக்காற்று ஓயவே இல்லை. சந்தையில் மீன் பக்கம் வெறும் பலகைகள்தான் கிடந்தன. நான் முட்டைக் குழம்பு வைத்துவிட்டு வழமையான கேள்வியைப் போட்டேன். முட்டை, பருப்பு, சோயா என்று பதில்கள் வந்தன. கடைசியாக அவளுடையது: "பாரைக் குழம்பு. இப்பதான் பிடிச்ச மீன்."

நிலாவெளித் தம்பி உடனே எழுதினார்: "எங்க வாங்கினது தங்கச்சி? கடலில ஒரு போட்டும் இறங்கேல்ல. எங்கட அப்பாவுக்கும் ஒரு துண்டு வேணுமாம்."

அவர் பகிடிக்குத்தான் எழுதினார். அவளிடமிருந்து பதில் வரவில்லை. கடல் மீன் இல்லை, உள்நீர்க் களப்பு மீன் என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். நெல்லு விளைகிற ஊரில் வளர்ந்தவளுக்குக் காற்றைப் பார்த்து மீனைச் சொல்லத் தெரியவில்லை.  இத்தனை நாளும் அவள் சொன்ன கறி ஒன்றும் அடுப்பில் இருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு மூதூர் பஸ் ஏறினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும். முன்னர் லாஞ்சுப் படகில் குடாவைக் கடந்த தூரம், இப்போது பாலம் பாலமாகப் போகிறது. மூதூரில் இறங்கி ஓட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் காதில் ஹெட்செட்டோடு வந்து கதவைத் திறந்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான்," என்றேன். "அப்படியே உங்களையும் பார்த்திட்டுப் போவம் எண்டு."

"இந்தப் பக்கம் உங்களுக்கு ஆர் அக்கா இருக்கினம்?"

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. "நீங்கள்தான் இருக்கிறீங்கள்," என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. திரும்பிக் குசினிக்குள் போனாள், நானும் பின்னால் போனேன். அங்கேதான் அவள் வேலை செய்கிற கதிரையும் மேசையும் இருந்தன. சிக்னல் அந்த யன்னலில்தான் நன்றாக வருமாம். அதனால் இன்டர்நெட் பெட்டியை வைத்திருந்த இடம், யன்னலோரம் இருந்த காஸ் அடுப்பு. பெட்டியின் வயர் அடுப்பு வாயைச் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் பிஸ்கட் பக்கற்றும் பாதி குடித்த பிளேன்டீயும்.

"என்னோட இருந்த மாமி தன்ர மகள் வீட்டுக்குப் போயிட்டா," என்றாள். "ஒருத்திக்கு என்னெண்டு அக்கா சமைக்கிறது? கந்தோர் இருக்கேக்க விடிய எழும்பிச் சமைப்பன். உங்கள் எல்லாருக்கும் எண்டுதானே சமைச்சனான். இப்ப உரிச்ச வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பன். பிறகு வெட்டாமலே வைச்சிடுவன்."

"அப்ப இறால், நண்டு?"

"நீங்கள் கேட்டீங்கள். மற்றவை எல்லாம் எழுதினம். நான் மட்டும் பிஸ்கட் எண்டு என்னெண்டு எழுதிறது?"

 என் கேள்வியும் அவளுக்கு இன்னொரு பத்து விரலாகத்தான் இருந்திருக்கிறது. இன்டர்நெட் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். சிக்னல் போய்விடும் என்றாள். போனால் போகட்டும், உங்கள் மேலதிகாரி நான்தானே என்றேன். இருவரும் சேர்ந்து சோறும் பருப்பும் சமைத்தோம். அவள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

வேலையை விட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒன்றுதான் சொன்னேன்: "புதன்கிழமையில எல்லாரும் என்ர வீட்டுக்கு வந்திருந்து வேலை செய்யிறம். மத்தியானம் மேசை போடுறம். வரேலுமெண்டா வாங்கோ." அப்படி ஒரு திட்டம் அந்த நிமிடம் வரைக்கும் உலகத்தில் இருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தே கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன். மேலாளர் யோசிக்கவே இல்லை, வேலை நடந்தால் சரி என்றுவிட்டார். என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. டீவியையும் அவரையும் அறைக்குள் இடம் மாற்றினோம்.

முதல் புதன்கிழமை மழை கொட்டியது. ஐந்து பேர் வந்துவிட்டார்கள். என் விறாந்தை கந்தோரானது. ஒருவர் ஏச்சு வாங்குவதை மற்றவர் காதால் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தோம். சாப்பாட்டு நேரமும் வந்தது, அவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஒருவரும் பெட்டியைத் திறக்கவில்லை. கிண்ணியாத் தம்பி மட்டும் மூடியைக் கொஞ்சம் தூக்கி மணந்து பார்த்துவிட்டு மூடினார். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பமே அக்கா," என்றார். 

படலைச் சத்தம் கேட்டது. நனைந்த குடையோடு, துணியால் சுற்றிக் கட்டிய பெரிய சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வந்தாள். வழியில் பாலத்தடியில் பஸ் நின்றுவிட்டதாம். சட்டியை மேசையில் இறக்கியதும் நிலாவெளித் தம்பி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "என்ன கறி?"

"கருவாடும் கத்தரிக்காயும்," என்றாள். "கடல் கொந்தளிப்பெல்லோ. உங்களுக்குத் தெரியாதோ?"

மேசை வெடித்துச் சிரித்தது. அறைக்குள் இருந்து என் வீட்டுக்காரரும் வந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். அன்றைக்கும் முதலில் காலியானது அவளுடைய சட்டிதான்.

மாத முடிவு வந்து போய்விட்டது. வேலையை விடுகிற கதையை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மற்ற நாட்களில் குழுவுக்கு "இண்டைக்குப் பிஸ்கட்" என்று துணிந்து எழுதுவாள். எழுதினால் மூதூர்ப் பக்கம் போகிற சொந்தக்காரர் யாரிடமாவது கிண்ணியாத் தம்பி ஒரு சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துவிடுவார்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமை, மேலாளர் வழமைபோல விரல் கேட்டார். வழமைபோலக் கைகள் எழும்பின. அவளுடைய சதுரத்தில் மட்டும் ஒரு கை முழுதாகவும் மற்றக் கையில் இரண்டு விரலும் தெரிந்தன. மேலாளர் பதறிப்போனார்.

"ஏன், என்ன பிரச்சினை? மற்ற மூண்டு விரலும் எங்க?"

"கட்டாரில நிக்குது மிஸ்," என்றாள் அவள். "சித்திரைக்கு லீவில வரும்."

 பிறகு நான் என் முழங்கால் நோவை நினைத்துக்கொண்டு, தூக்கி வைத்திருந்த பத்து விரலில் ஒன்றை மெல்ல மடக்கினேன்.