கோல்கீப்பர் அண்ணி

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் வீட்டின் மாடி அறைதான் அவருக்கு. நாத்தனார் என்றால் வாய்க்குப் பயப்பட வேண்டும் என்று என் தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு முதலில் பயம் வந்தது அவருடைய கையைப் பார்த்துத்தான்.

மகனுக்கு அப்போது ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. ஒருநாள் சமையலறையில் நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன். அண்ணி வாசற்படியில் நின்று போனில் தணிந்த குரலில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். மாவு புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஏற்றிய வண்டி தொழிற்சாலைக்கு வரவில்லையாம். அதற்குள் இந்தப் பிள்ளை நாற்காலி மேல் ஏறி, அதன் முதுகைப் பிடித்து ஆட்டி, பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டான். நான் திரும்பியது அவன் விழுவதைப் பார்க்கத்தான். அண்ணி பக்கவாட்டில் சரிந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும், ஓடவில்லை, குதிக்கவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே பிள்ளையின் பிடரியும் முதுகும் அவருடைய ஒரு கைக்குள் இருந்தன. இன்னொரு கையில் போன் அப்படியே காதோடு இருந்தது. "இல்லங்க, மதியத்துக்குள்ள வந்தாகணும்," என்று பேச்சை முடித்துவிட்டு, பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைக்கோ அது விளையாட்டாகப் பட்டிருக்கிறது. இன்னொரு தடவை விழவேண்டும் என்று நாற்காலியைக் காட்டி அழுதான்.

இரவு சாப்பிடும்போது கணவர் சிரித்துக்கொண்டே விவரம் சொன்னார். அக்கா கல்லூரிக் கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தவராம். பந்து உள்ளே போகாது என்பதால் 'கதவு' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அவர் பந்தைப் பிடித்தால் கூட்டம் மொத்தமும் "கதவு சாத்தியிருக்கு" என்று கத்துமாம்.

அண்ணி ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அடுப்புப் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஒருமுறை மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார் என்று கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. மாவு நிரம்பிய தகரப் பெட்டிகள் பெல்ட்டில் வரிசையாக அடுப்புக்குள் போக, மறுபக்கம் வெந்த ரொட்டிகள் வந்துகொண்டிருந்தன. அண்ணி அடுப்பின் வாயருகே கால்களை அகட்டி நின்றிருந்தார். ஒரு பெட்டி சாய்வதற்கு முன்பே உறை போட்ட அவருடைய கை அங்கே போய்விடும். அது எப்படி முன்கூட்டியே போகிறது என்று நான் பார்த்துப் பார்த்துத் தோற்றேன்.

அன்றைக்கு ஒரு அடுக்கு முழுவதும் கருகிவிட்டது. கவனிக்கத் தவறிய பெண் அழுகிற மாதிரி நின்றாள். அண்ணி திட்டவில்லை. "போனது போச்சு, அடுத்தது வருது பாரு," என்றார், அவ்வளவுதான். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைப் பிடித்தாள். ஏன் திட்டவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். உள்ளே போன பந்தையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த பந்தும் உள்ளே போய்விடும், அதை மைதானத்தில்தான் கற்றுக்கொண்டேன் என்றார். ஒரு வார்த்தைக்கு மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

காய்ச்சலோ தலைவலியோ, எதற்கும் அவர் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. "முடியல" என்ற சொல்லே அவர் வாயில் வராது. இடது கை மோதிர விரல் மட்டும் கோணியிருக்கும். கேட்டால் "பழைய கதை" என்று முடித்துவிடுவார்.

போன வருஷ மழைக்காலத்தில் அவர் சாப்பாட்டைக் குறைத்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாடிப்படி ஏறும்போது சுவரில் கை வைத்துக்கொண்டார். என்ன அண்ணி என்றால், வாயு என்றார். தொழிற்சாலையில் பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, தினமும் போய்வந்தார். பிறகு ஒரு நண்பகலில் தொழிற்சாலை வேன் எங்கள் வாசலில் நின்றது. கொஞ்சம் வீட்டில் விட்டுவிடச் சொல்லி மேடமே கேட்டார்கள் என்றார் ஓட்டுநர். அண்ணி மயங்கி விழுந்திருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அவர் தானாகக் கேட்டு வீட்டுக்கு வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அதே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமையானவர். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டார். "ரெண்டு இருக்கும்," என்றார் அண்ணி, பஸ் நம்பர் சொல்வது போல. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. டாக்டர் மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

நான் அண்ணியின் கையைப் பார்த்தேன். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. காதுக்குப் பின்னால் வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர், இவங்க சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க," என்றேன். "இவங்க ரெண்டுன்னா எட்டுன்னு வச்சுக்கோங்க."

அண்ணி என்னை முறைத்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து, அவரைப் படுக்க வைத்து, வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அண்ணியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் இரண்டு பாதங்களும் கட்டிலை விட்டு எழும்பின. டாக்டர் வாசல் பக்கம் திரும்பி ஸ்ட்ரெச்சர் கேட்டார்.

குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வெளியே வந்து, இந்த நிலையில் நடந்து வந்த ஆளை நான் பார்த்ததில்லை என்றார். அது பாராட்டு இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கணவர் ஒரே ஒருவருக்குத்தான் போன் செய்தார், அணியின் பழைய கேப்டனுக்கு. அவர் இப்போது கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறார். சாயங்காலத்துக்குள் வராந்தாவில் ஐந்து பெண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் காதோரம் நரை. வலது ஓரத்தில் பறந்து ஆடியவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயராம். இப்போது கணக்கு டீச்சர். இரண்டு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. "எக்ஸ்பிரஸ் இப்ப கூட்ஸ் வண்டி ஆயிடுச்சு," என்று கேப்டன் சொல்ல, அந்தக் கவலையிலும் எல்லாரும் சிரித்தார்கள். யார் எப்போது கூட இருப்பது என்பதை அவர்களே பிரித்துக்கொண்டார்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மறுத்தபோது, "நீ போய்த் தூங்கும்மா, இது எங்க ஷிஃப்ட்டு," என்று பையை என் கையில் திணித்து அனுப்பினார்கள்.

மறுநாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கேப்டன் என்னிடம் பேசினார். அவர்களுக்குக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்ததே ஆட்டத்தால்தானாம். அடிபட்டு வெளியே உட்கார்ந்தால் அணியில் இடம் போகும், அதன் பின்னால் விடுதியும் போகும். அதனால் எல்லாரும் வலியை மறைத்தார்கள். இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அண்ணிக்கு விரல் உடைந்திருக்கிறது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு நின்றார். கடைசியில் பெனால்டி ஒன்றை அதே கையால் தட்டிவிட்டார். கோப்பை கிடைத்தது. கோச் மொத்தக் கல்லூரி முன்னால் அந்தக் கையை உயர்த்திப் பிடித்து, வலி என்றால் என்னவென்றே இவளுக்குத் தெரியாது என்றாராம்.

"நாங்க எல்லாரும் கை தட்டினோம்," என்றார் கேப்டன். "அவ அன்னிக்கு அழுதிருக்கணும். அத்தன பேர் பாத்துட்டு இருக்கும்போது எப்படி அழுவா?"

கேப்டனுக்கே அந்தக் காலத்து அடியால் முழங்கால் மடங்காது. குனிந்து செருப்பு மாட்ட ஒரு ஸ்டூல் வேண்டும். மறுபடி அந்த வயது வந்தால் ஆடுவீர்களா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நாளைக்கே ஆடுவேன்," என்றார்.

அண்ணி படுக்கையில் கிடப்பாரா? யாரும் பார்க்காத நேரத்தில் தானாக எழுந்து நடந்திருக்கிறார். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. தினமும் கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அதைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று கேட்பாள். அண்ணி பரவாயில்லை என்பார்.

அன்று கேப்டன் கட்டிலருகே இருந்தார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும், நர்ஸைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.

"ஆட்டம் முடிஞ்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுடி," என்றார். "இனிமே உன்ன யாரும் டீம்லேர்ந்து தூக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லு."

அண்ணி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் கையில் பஞ்சோடு காத்திருந்தாள். பிறகு அண்ணி, யாரோ அந்நியரைப் பற்றிச் சொல்வது போன்ற குரலில், "ரொம்ப வலிக்குது," என்றார். "முதல் நாள்லேர்ந்தே வலிக்குது."

சொல்லி முடித்ததும் கண்ணீர் கன்னத்தில் இறங்கி இரண்டு காதுகளுக்குள்ளும் போயிற்று. துடைக்கவில்லை. கேப்டன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் போய் ஊசி மருந்தோடு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று அண்ணி என் பிள்ளையைப் பிடித்தபோதுகூட நான் இப்படி மலைத்துப் போகவில்லை.

குணமாக நாளாயிற்று. திரும்பி வேலைக்குப் போனதும் அண்ணி முதலில் செய்தது, அடுப்புப் பகுதியில் ஒரு பெஞ்ச் போட வைத்ததுதான். முடியாதவர்கள் உட்காரலாம், காரணம் கேட்கப்படாது. வீட்டிலும் நிலைமை மாறிவிட்டது. இப்போது தும்மினால்கூட எங்களுக்கு அறிக்கை வருகிறது. "பேசாம பழைய அக்காவையே திருப்பிக் குடுத்துடுங்க," என்று கணவர் கும்பிடு போடுகிறார்.

கூடி வந்த பெண்கள் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஆட ஆரம்பித்தார்கள். ஓடுகிறவர் பாதி, நடக்கிறவர் மீதி. அண்ணியைப் பாய்ந்து விழ டாக்டர் விடவில்லை. கோலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். நானும் மகனும் பார்க்கப் போனோம். நானும் மூன்று வருஷம் கல்லூரியில் படித்தவள்தான். கூடப் படித்தவர்களில் இன்று எனக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நிற்க ஒருத்தி உண்டா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வேலியை அடைவதற்குள் ஒரு குரல் கேட்டது. "இடது பக்கம் காலியா கெடக்கு, மூடு, மூடு, கிட்டப் போ." மைதானத்தின் மறு எல்லை வரை எட்டும் குரல், அடிவயிற்றிலிருந்து வருகிறது. அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நரைத்த தலைகள் எல்லாம் சட்டென்று இடம் மாறின.

"அம்மா, யாரு கத்துறது?" என்றான் மகன்.

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அண்ணி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.