வாஷிங் மெஷின் விற்கப் போன டீச்சர்

பத்தொன்பது வருடமாக வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. டீச்சர் வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையில், இன்று வில்லாபுரத்தில் ஒரு வாஷிங் மெஷின் கடையில் விற்பனைக்கு நின்று பார்த்தேன்.

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எந்தத் துணிக்கு எந்தப் பட்டன், சோப்புத்தூளை எங்கே போடுவது என்று விளக்கினேன். அந்த அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் என் வாய் தானாகக் கேட்டுவிட்டது: "புரிஞ்சுச்சா? எங்க, நீங்க எந்திரிச்சு சொல்லுங்க பாப்போம்."

எழுந்துவிட்டார்! போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக் கையையும் கட்டிக்கொண்டார். "சோப்புத்தூள்... இந்தத் தட்டுல..."

கடை முதலாளி என்னை முறைத்தார்.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த மெஷினையே குடுங்கக்கா. இம்புட்டு வருசமா நான் சொல்லி இந்த மனுசன் ஒன்னையும் கேட்டதில்ல. இனி இவரே தொவைக்கட்டும்."

"திங்கக்கிழமையே வந்துருங்க டீச்சர்" என்றார் முதலாளி.

எட்டாம் வகுப்பில் பாதிப் பேரைத் தூங்கவைக்கிற அதே குரல்தான். இப்போது ஸ்கூலை விடவா, வேண்டாமா?

எல்லோரும் சேர்ந்து கத்தாமல், ஒவ்வொருவராகக் கை தூக்கிச் சொல்லுங்கள்.