மதினி கொடுத்த மாத்திரை

மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. ஜான் பீட்டருக்கும் கிறிஸ்டிக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவித்தபோது, கிறிஸ்டி முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தடை தினமும் சீப்பில் சுருண்டு வந்தது.

புதுவயல் அரிசி ஆலையில் எடைமேடைச் சீட்டு போடுகிறவள் அவள். "ஆத்தா, ஒன் வகிட்டுல என் லாரியத் திருப்பிறலாம் போலருக்கே" என்று டிரைவர் வீரையா சிரித்த நாளிலிருந்து நிமிர்ந்து சீட்டு கொடுப்பதில்லை.

ஜான் பீட்டரின் அக்கா ரீனாவுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். பூசை முடிந்ததும் பெண்களுக்கு மூலிகைக் கேப்சூல் விற்பாள். அந்தக் கூந்தலே விளம்பரம். நிச்சயமான கையோடு கிறிஸ்டிக்கும் ஒரு டப்பா வந்தது.

"மருந்தில்லடீ, மூலிகை. கரிசாலையும் நெல்லிக்காயும்தான். கல்யாணத்தன்னைக்குப் பூ வைக்க எடம் பத்தாது, பாரு."

முடி வளரவில்லை. உடம்புதான் கனத்தது, குரல் கரகரத்தது. கல்யாணச் சேலை எடுக்கக் காரைக்குடி வந்தவர்கள், முதலில் கிறிஸ்டிக்குத் தைராய்டு மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். ரீனாவும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். கிறிஸ்டியின் வீங்கிய இமையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"தைராய்டு மாத்திரை கூடிப்போச்சுன்னு இது சொல்லுது. உன்னப் பாத்தா பத்தலன்னு தோணுது. இத நம்பி மாத்திரையக் கொறைச்சேன்னு வையி, தப்பாயிருந்தா இருக்கிற முடியும் கொட்டிரும். வேற மருந்து ஏதும் சாப்பிடுறியாம்மா?"

ரீனா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

"இல்லீங்க டாக்டர், மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் ரீனா.

டாக்டர் பேனாவை எடுத்தார். பழைய அளவை அடித்துவிட்டுப் பாதியாக எழுதப் போகிறார். வாயைத் திறந்தால் நாத்தனார் பகை, மூடினால் தலை மொட்டை. கிறிஸ்டியின் கை மட்டும் நகர்ந்தது. பைக்குள்ளிருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைத் திருப்பி, கண்ணாடியை உயர்த்திப் பொடி எழுத்தைப் படித்தார். "மூலிகையோட பயோட்டின்ங்கிற விட்டமினும் நெறையச் சேர்த்திருக்கான். அது சில ரத்தப் பரிசோதனையப் பொய் சொல்ல வச்சிரும். நிறுத்திட்டு, ஒரு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் குடு. இரும்புச்சத்தையும் சேத்துப் பாப்போம்."

"அப்ப மூலிகையால முடி வளராதா?" ரீனாவின் குரல் உயர்ந்தது.

"சிலதுக்குச் சின்னச் சின்ன ஆய்வு இருக்கு. உறுதியாச் சொல்ல அது பத்தாதும்மா. எதனால கொட்டுதுன்னு தெரியாம எதைப் போட்டு என்ன?"

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் சேலைக் கடையைத் தாண்டியும் ரீனா நிற்கவில்லை.

"வீட்டுல வச்சு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களே சொல்லுவீகன்னுதான் மதினி பாத்துக்கிட்டே இருந்தேன்."

ரீனா பேருந்தில் ஏறினாள்.

இரண்டாம் பரிசோதனையில் தைராய்டு குறைவுதான் என்று தெரிந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். முடி கொட்டுவது நிற்க மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர்.

மூன்றாம் ஓலைக்கும் யாரும் தடை சொல்லவில்லை. வெளியே வந்த கிறிஸ்டி, ரீனாவைத் தேடினாள். கோயில் வாசலில் அவளைச் சுற்றி வழக்கம்போல் பெண்கள். டப்பாவை நீட்டிய கையை ரீனா பாதியில் இழுத்துக்கொண்டு, கிறிஸ்டி பக்கம் திரும்பாமலே கடுகடுவென்று கேட்டாள்:

"ஏக்கா, தைராய்டு மாத்திரை ஏதும் சாப்பிடுறீகளா? அத மொதல்ல சொல்லுங்க."