அந்த ஊர் என்னை வரச் சொன்னது

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப்போட்ட கம்பளிக் காலுறையின் ஈர வாசனை...

நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட் என்றாலே எனக்கு அந்த வாசனைதான். தொண்ணூறுகளின் கடைசி. வெளியே பனி, உள்ளே ரசம் கொதிக்கும். சமையலறைச் சுவரில் ஒரு போன். அது எப்போது அடிக்கும் என்று நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் செந்திலுக்கு சாஃப்ட்வேர் வேலை. நான் பிஎச்.டி. மாணவி. கனடாவின் வடகோடியில், பனிக்கடல் ஓரத்தில் வாழும் இனுயிட் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோனவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். இறந்தவர் தங்களுக்கு என்ன முறையோ, அந்த முறை சொல்லியே குழந்தையையும் கூப்பிடுவார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒரு கோடைக்காலமாவது அங்கே போய் இருந்து, கேட்டு எழுதவேண்டும்.

புரொபசர் சரி என்றார். யுனிவர்சிட்டி சரி என்றது. ஆனால் நான் போக நினைத்த சின்ன இனுயிட் ஊரின் குழு கூடி, "வரலாம்" என்று சொன்னால்தான் ஆராய்ச்சிக்கு அனுமதி.

ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில், நம்மூர் ஆன்ட்டி ஒருவருக்கு இது பிடிபடவேயில்லை.

"பர்மிஷன் எதுக்கும்மா? நம்ம ஊருக்கு வெள்ளைக்காரன் கேட்டுட்டா வந்தான்?"

"அதனாலதான் ஆன்ட்டி இப்ப கேக்கச் சொல்றாங்க" என்றேன்.

ஒருவழியாக, ஊர்க்குழு கூடும் நாளில் போனில் பேசச் சொன்னார்கள். அங்கே ஸ்பீக்கர். ரூத் என்ற பெண் இரு பக்கமும் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. நமக்குத்தான் போன் என்றால் ஒரு பழக்கம் உண்டே... ஈரோட்டுக்கு ஐ.எஸ்.டி. போட்டால் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஏறும். கத்தி, கொட்டித் தீர்த்துவிட்டுப் பட்டென்று வைத்துவிடுவோம். அதே வேகத்தில் என் ஆராய்ச்சியை ஒப்பித்து முடித்தேன். ரூத் அவர்கள் மொழியில் சொன்னார்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"ஹலோ? ஹலோ! கேக்குதுங்களா?" என்று தமிழிலேயே கத்தினேன். லைன் போச்சு என்று வைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் மௌனம். மறுபடியும் வைத்தேன். அடுத்த முறை ரூத் முந்திக்கொண்டார்.

"நாங்க இங்கதான் இருக்கோம். தயவுசெஞ்சு போனை வைக்காதீங்க. அவங்க யோசிச்சுட்டு இருக்காங்க."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை போனை வைத்திருக்கிறேன்! போச்சு, கெடுத்துக்கொண்டேன் என்று செந்திலைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என்னைப்போல வாயாடிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஒரு வயதான அம்மாளின் குரல். மெதுவான, கரகரப்பான குரல். ரூத் சொன்னார்: "உங்க ஊர்ல எப்படிப் பேர் வைப்பீங்கன்னு கேக்கறாங்க."

என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு எங்கள் அப்பாவைப் பெற்றவர் பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டவுசர் போட்ட பொடியனை, "மாமா, சாப்பிட வாங்க" என்பாள். அவன் சேட்டை பண்ணி, அம்மா கை ஓங்கினால், "யாரு, மாமனாரையா அடிக்கற?" என்று அப்பா கேட்பார்.

ரூத் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அந்த அம்மாள் பேசினார். அவர் பேத்திக்கு அவருடைய அம்மாவின் பெயராம். "எங்க அம்மாவை நான் எப்படித் திட்டறது? அவ இஷ்டத்துக்கு விட்டுட்டேன்."

மறுபடி மௌனம். இந்த முறை காத்திருந்தேன்.

"வாங்க. கோடைக்கு வாங்க. மீன் பிடிக்கப் போறப்ப உங்களையும் கூட்டிட்டுப் போறேங்கறாங்க."

அன்றைக்கு செந்தில் கேசரி கிண்டினார். கட்டி தட்டியிருந்தது. இரண்டு பேருமாக வழித்துச் சாப்பிட்டோம்.

அந்த சந்தோஷம் வசந்தம் வரைக்கும்தான். எங்கள் கிரீன் கார்டு பாதியில் நின்றது. "இப்ப நாட்டை விட்டு வெளியே போனால் உங்கள் அப்ளிகேஷன் போய்விடும். தனி அனுமதி கேட்கலாம், ஆனால் கோடைக்குள் வராது" என்றார் வக்கீல்.

"நீ போயிட்டு வா கண்ணு. கார்டு போனா போகுது, ஊர்ல போய்ப் பொழச்சுக்கலாம்" என்றார் செந்தில். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். என்னால் முடியவில்லை.

ரூத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த அம்மாளும் பக்கத்தில் இருந்தார். வெகுநேரம் கழித்து ரூத் கேட்டார்:

"அங்க உங்களுக்கு யார் சரின்னு சொல்லணும்? நம்பர் குடுங்க, நாங்க பேசறோம்னு சொல்றாங்க."

சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

வேறு தலைப்பில், நியூ ஜெர்சி நூலகத்தில் உட்கார்ந்தே பிஎச்.டி. முடித்தேன். இப்போது கையில் அமெரிக்க பாஸ்போர்ட். இந்தக் கதையைக் கேட்ட மகள், "ஜஸ்ட் புக் இட், அம்மா. இப்ப யாரோட பர்மிஷனும் வேண்டாமே" என்கிறாள். அந்தப் பக்கமெல்லாம் இப்போது சுற்றுலாக் கப்பலே போகிறதாம். போனில் படம் காட்டினாள்.

அவள் சொல்வது சரிதான். ஆனால் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் வேடிக்கை பார்க்க எனக்கு ஆசையில்லை. மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறேன் என்றாரே, அவரோடு போகத்தான் இன்னும் ஆசை.

அவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது.