இரண்டு கையுறை

எச்.ஐ.வி. பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு தாள் கொடுத்துக் கேட்டார்கள். நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். பரீட்சையெல்லாம் முடித்து, வார்டில் ரத்தம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்த வருடம். தொட்டால் பரவுமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுமா, கொசு கடித்தால் பரவுமா என்று வரிசையாகக் கேள்விகள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு முறை வேண்டுமா என்று கடைசியில் ஒன்று. வேண்டாம், எல்லா நோயாளிக்கும் ஒரே முறைதான் என்று எழுதினேன். அத்தனையும் சரி. வகுப்பெடுத்த மேடம் என் தாளைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினார். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே பெண்கள் வார்டில் ஓர் அக்கா காய்ச்சலோடு வந்து படுத்தார். ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். லாரி ஓட்டிய கணவர் இந்த நோயை இவருக்கும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பிள்ளைகளைச் சாப்பிட விடமாட்டார்கள், வேலை போய்விடும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் அதே ஊர்தான். அவருடைய பேரன் தினமும் இவர் கையால் சாப்பிடுகிறவன்.

“அவுங்களுக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்கங்க பாப்பா” என்றார். நான் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பாடத்திலும் இல்லாத வழக்கம். சீனியர்கள் செய்தார்கள், பார்த்து நாங்களும் செய்தோம். எச்.ஐ.வி. நோயாளி என்றால் கையுறை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஒரு கையுறையோடு ரத்தம் எடுத்தேன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அக்காவிடம் வந்து, புதிதாக ஒன்றை மாட்டி, அதன் மேல் இன்னொன்றையும் மாட்டினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

“ஏம்மா, எனக்கு ஒண்ணு, அவளுக்கு மட்டும் ஏன் ரெண்டு?” என்றார் அந்த அம்மா.

ஒன்று கிழிந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய், அவ்வளவுதான். வாய் கிழியப் பேசுகிற சனியன் நான், அன்றைக்குப் பேந்தப் பேந்த விழித்தேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் அந்த அம்மா, பார்க்க வந்த மருமகளிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அக்கா, காய்ச்சல் விடாமலே, தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து எனக்கு மறுபடி அதே வார்டு. ஓரத்துக் கட்டிலில் கிடந்தவரை முகம் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை, கேஸ் ஷீட்டில் ஊர்ப் பேரைப் பார்த்துத்தான் அந்த அக்கா என்று தெரிந்தது. கூட இருந்த அவருடைய மூத்த சகோதரிதான் நடந்ததைச் சொன்னார். ஊரில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்தார்களாம். இவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். அரும்பாவூரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தாராம். பெரம்பலூருக்குப் போய் மாத்திரை வாங்கச் சொன்னால், அங்கேயும் யாராவது பார்த்துவிட்டால் உன் பிள்ளைகளுக்கும் கெட்ட பேர் என்று போகவே இல்லையாம்.

அக்கா அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அவருக்குக் கடைசியாக ரத்தம் எடுத்தது நான்தான். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் பார்க்கும்படி ஒரே ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு கையைப் பிடித்தேன். குச்சி மாதிரி இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ரெண்டே போட்டுக்கங்க பாப்பா. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன?”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் சொன்னார். அழுதுகொண்டே நரம்பைத் தேடினேன், ஊசி இரண்டு தடவை தவறியது. அவர் கையை அசைக்காமல் வைத்துக் கொடுத்தார்.