ஒரு சிகரெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு வரி

லோரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து சரக்கு மேடையோடு ஒட்டி நிறுத்தியதும் ஹரிதாஸ் முதலில் செய்வது, காதுமடலில் செருகியிருக்கும் கொக்கி ஊசியை எடுப்பது. அடுத்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து மகளின் பழைய பள்ளிப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதிலிருந்து ஊதா நிற நூல் வெளியே வரும். சரக்கு ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரமாகும். அதுவரை தலை நிமிராது. உதடு மட்டும் அசையும். கண்ணி எண்ணுகிறார். அந்த நேரத்தில் யாராவது "அண்ணே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டால், "சாப்ட்டேன், முப்பத்தேழு" என்பார்.

புக்கிட் ரம்பாயில் நான் ரசீது எழுதும் கிராணியாக இருக்கும் பிளாஸ்டிக் கம்பெனிக்குப் பதினெட்டு வருடங்களாகக் கண்டெய்னர் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்று. லோரிக்குள் ஏறும்போது கதவுச் சட்டத்தில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிய வேண்டிய உயரம். வலது முழங்கையில் பச்சை குத்திய புலி ஒன்று இருக்கிறது. சிகரெட்டை விட்ட பிறகு ஒன்பது கிலோ கூடியதில் அதன் கன்னம் உப்பிவிட்டது. "வாலிபத்துல புலி. இப்ப சோறு வச்ச பூன" என்று அவரே அதைத் தட்டிக் கொடுப்பார்.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் கம்பிவலை வைத்தார்கள். சிகரெட்டைத் தொட்டால் மூன்றாவதற்கு இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினாறு வயதிலிருந்து பழகியதை விட வேண்டியிருந்தது. மிட்டாய் சப்பினார், மெல்லும் மருந்து மென்றார்.

"வாயி அடங்கிரிச்சி, அமுதா. கைதான் அடங்கல. எதையாச்சும் புடிச்சிக்கிட்டே இருக்கணும்ங்குது. வீட்ல ரிமோட்ட புடிச்சேன். எம் பொண்டாட்டி புடுங்கிக்கிட்டா."

கெடாவில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஷாந்தினிதான் இணையத்தில், கொக்கி ஊசியால் பின்னும் ஒரு குரோஷே பெட்டி வாங்கிக் கொடுத்தாள். ஐந்து ஊசி, நான்கு நூல் உருண்டை, படம் போட்ட ஒரு புத்தகம். "பத்து வயசுக்கு மேல்னு பெட்டியில போட்டிருந்திச்சி. நமக்குத் தகுதி இருக்குன்னு ஆரம்பிச்சேன்."

கைப்பேசியில் காணொளி பார்த்துப் பழகியதில் இரண்டு வாரம் வீணானது. காணொளிப் பெண் இடது கைக்காரி என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆயர் குரோவில் ஒரு கடைவீட்டு மாடியில் பிரிஜிட் என்பவர் சனிக்கிழமை காலையில் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். ஒன்பது பெண்கள் இருந்தார்கள். இவரைப் பார்த்ததும் ஏர்கோன் பழுதுபார்க்க வந்தவர் என்று நினைத்து ஒருவர் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாராம். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரிஜிட்டுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் முழுக்க அவர் வாங்கிய ஒரே திட்டு, "அண்ணே, அது நூலு. லோரி கயிறு இல்ல. இழுத்துக் கட்டாதீங்க" என்பது. முப்பது வருடம் சரக்குக் கட்டிய கைக்குத் தளர்வாகப் பிடிக்கத் தெரியவில்லை. குவளை வைக்கும் வட்டத் துண்டு பின்னச் சொன்னால் ஓரம் நிமிர்ந்து கிண்ணமாகிவிடும். கழுத்துத் துணி பின்னினார்; ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கண்ணியை விட்டுவிட்டு வந்ததில் அது முக்கோணமாக முடிந்தது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்துக் காட்டி, "பாரு, கழுத்துக்கு ஆரம்பிச்சி கோவணத்துல வந்து நின்னிரிச்சி" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. அவர் தந்த உற்சாகத்தில் நானும் ஒரு பெட்டி வாங்கினேன். சங்கிலிக் கண்ணி நன்றாக வந்தது. திரும்பி இரண்டாம் வரி போடத் தெரியாததால் சங்கிலியையே போட்டுக்கொண்டு போனேன். பதினோரு அடி வந்தது. இப்போது அதைக் கொண்டுதான் டெலிவரி ரசீதுகளைக் கட்டி வைக்கிறேன்.

கேக் கதை தனி. கம்பெனி ஆண்டு விருந்தின் குலுக்கலில் அவருக்கு ஓர் ஓவன் விழுந்தது. சிகரெட் போன இடத்தில் இனிப்பு ஆசை வந்து உட்கார்ந்திருந்ததால், அதையும் தானே செய்யலாம் என்று இறங்கினார். ஓவனுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, இஞ்சின் சூடு பார்க்கிற மாதிரி அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாராம். முதல் கேக் நடுவில் அமுங்கி டயர் மாதிரி வந்தது. குழிக்குள் ஐஸ்கிரீமைப் போட்டு, "இது டிசைன்லா" என்று பரிமாறினார். ஆறு மாதத்தில் ரவை போட்டுச் செய்யும் சூஜி கேக்கில் கை தேறிவிட்டது. மேல்பக்கம் வெடிப்பதை மட்டும் இன்றுவரை அவரால் நிறுத்த முடியவில்லை.

சரக்கு மேடையில் கேலிக்குப் பஞ்சமில்லை. போர்க்லிப்ட் ஓட்டும் கவிநேசன், "அண்ணே, எனக்கொரு ஜட்டி பின்னிக் குடுங்க" என்பான். எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவர் சேகரன். அவரும் எங்கள் லோரி ஓட்டுநர். பதினேழு வருடம் இருவரும் ஒரே தீப்பெட்டியில் பற்றவைத்தவர்கள். காவலாளி கொட்டகைக்குப் பின்னாலிருந்து புகையை விட்டுக்கொண்டே, "டே தாஸு, வளைகாப்பு யாருக்குடா?" என்று கத்துவார். "ஒனக்குத்தான். தொப்பையப் பாரு" என்று இவர் இங்கிருந்து பதில் சொல்வார். கேக் டப்பா திறந்தால் முதல் துண்டு சேகரனுக்குப் போகும்.

இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் ஹரிதாஸ் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். யாரும் சொல்லித் தந்ததில்லை. கையிலிருப்பது எதுவானாலும், ஒரு சிகரெட் பிடித்தால் அதை முழுக்கப் பிரித்துவிட வேண்டும். ஊதா நூலில் போர்வை ஒன்றை ஆரம்பித்தபோது சட்டம் அமலுக்கு வந்தது. முதல் முறை தவறியபோது இருந்தது நான்கு வரி. வலிக்கவில்லை. இரண்டாவது தவறு பாசிர் கூடாங் துறைமுகத்தில், ஐந்து மணி நேர லோரி வரிசையில் நடந்தது. அப்போது முப்பத்தொரு வரி.

"அஞ்சி நிமிஷப் பொகைக்கு மூணு வாரம் போச்சி. அன்னிக்கிதான் எனக்கு சட்டம் புரிஞ்சிச்சி. போர்வ வளர வளர சிகரெட்டு வெல ஏறுது."

அதன் பிறகு போர்வை வளர்ந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த ஷாந்தினி, கெடாவில் தன் விடுதி அறைத்தோழி ஏர்கோனைப் பதினாறில் வைத்துவிட்டுத் தூங்குவதாகவும், அந்தப் போர்வை தனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டாள். நூற்றைம்பது வரி தேவை. அவள் திரும்பிப் போவதற்குள் முடித்துவிடலாம் என்று இவரும் வாக்குக் கொடுத்தார். மேடையில் நாங்கள் எல்லாரும் நீளத்தைக் கண்ணால் அளந்துகொள்வோம். வீட்டில் உஷாராணி அக்காவும் அப்படித்தான். "பிடிச்சீங்களா?" என்று கணவரிடம் அவர் கேட்டதே இல்லை. சோபாவில் கிடக்கும் போர்வையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்.

ஒரு புதன்கிழமை சேகரன் தூக்கத்திலேயே போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயது. மறுநாள் எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து எல்லாரும் போயிருந்தோம். ஹரிதாஸ் கூடாரத்தின் ஓரத்தில் ஓட்டுநர்களோடு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பையைக் கொண்டுவரவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் மகனின் பிறந்தநாளுக்குச் சொல்லி வைத்திருந்த சூஜி கேக்கை எடுத்துவர பாயா ரும்புட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உஷாராணி அக்கா, "வா அமுதா. உள்ள ஒரு கூத்து நடக்குது, வந்து பாரு" என்றார்.

கூடத்துத் தரையில் ஹரிதாஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலடிப் போர்வை. அதன் ஒரு முனையிலிருந்து நூலை இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபாதியின் மேல் ஷாந்தினி ஏறி உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் அவளுடைய பெட்டி கட்டி வைத்திருந்தது. மறுநாள் காலை பஸ்.

"எந்திரிம்மா."

"மாட்டேன்பா. நூத்திப் பன்னண்டு வரி. எனக்குன்னு சொன்னீங்க."

"நானும் எனக்குன்னு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்ல."

என்ன நடந்தது என்று கேட்டேன். நூலை விடாமலேயே சொன்னார். சடங்கெல்லாம் முடிந்து எல்லாரும் நின்றபோது, சேகரனின் தம்பி ஒரு சிகரெட் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். அண்ணன் சட்டைப் பையில் இருந்தது, ஆறு மிச்சம், நீங்களும் ஆறு பேர் இருக்கிறீர்கள் என்று.

"வேணாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கை முந்திக்கிச்சி. அதுக்கு முப்பத்தஞ்சி வருஷ சர்வீசுலா." நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நல்லாவும் இருந்திச்சி, அமுதா. அதான் பயமாப் போச்சி."

"நான் உள்ள பொம்பளைங்களோட இருந்தேன்" என்றார் உஷாராணி அக்கா. "எனக்கு எப்படித் தெரியும்? இவரே ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிருந்திட்டு, இன்னிக்கிக் காலையில வந்து சொல்லிட்டு ஒக்காந்து பிரிக்கிறாரு. நான் கேட்டனா?"

"நீ கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன். கேக்காமலே விட்ட பாரு, அதான் வம்பு."

ஷாந்தினி சிரிக்கவில்லை. "சேகரன் மாமாவுக்காகத்தான பிடிச்சீங்க. அத கணக்குல சேக்காதீங்க. ஒரே ஒரு தடவ."

"சேத்துத்தான் ஆகணும். இந்தக் காரணத்த விட்டேன்னு வையி, நாளைக்கி மழ பெய்யிதுன்னு ஒரு காரணம் வரும். நாளன்னிக்கி மழ பெய்யிலன்னு வரும். ஒங்கப்பன் காரணம் கண்டுபுடிக்கிறதுல யூனிவர்சிட்டிமா. நீ படிக்கிறத விட பெருசு." குரல் இறங்கியது. "அவனும் நாளைக்கி விட்டுர்றேன், நாளைக்கி விட்டுர்றேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். தெனமும் எங்கிட்டதான் சொன்னான். நானும் சரிடா, சரிடான்னேன்."

ஓவனுக்குள் கேக் ஆறும் வாசனை வந்துகொண்டிருந்தது.

ஷாந்தினி மெல்ல எழுந்தாள். போர்வையை விட்டு விலகி நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பிரிக்கப் பிரிக்க அவள் சுற்றினாள். மாதக்கணக்கில் பின்னப்பட்டுக் கிடந்த நூல் நேராக வரவில்லை. மீ கோரேங் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. நூறு வரி பின்ன மூன்று மாதம் ஆகிறது. பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் அடக்க முடியாமல் போயிற்று. ஒரு சிகரெட்டுக்கு ஒரு பெண் அழுதாள் என்று கம்பெனியில் தெரிந்தால் என் மானம் போய்விடும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கேக்கைக் கையில் கொடுத்தபோது ஹரிதாஸ் சொன்னார்: "மேல வெடிச்சிருக்கும். ஐசிங் பூசி மூடிக்க. கேக்குக்குத்தான் அந்த வசதி இருக்கு."

ஷாந்தினி போர்வையில்லாமல்தான் கெடாவுக்குப் போனாள். போகும்போது ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போனாள்: தினமும் மத்தியானம், அன்றுவரை பின்னியதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

திங்கட்கிழமை அவர் மேடைக்கு வந்தபோது மடியில் இருந்தது ஆறு வரி. கவிநேசன் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன், கேட்காமல் போர்க்லிப்டைத் திருப்பிக்கொண்டு போனான். அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. கேலி இல்லாதது ஹரிதாஸுக்குப் பிடிக்கவில்லை. "என்னா, எல்லாரும் ஊமையாயிட்டீங்க? நாந்தான் உயிரோட இருக்கேன்லா" என்று அவரே ஆரம்பித்து வைத்தார்.

நேற்று மத்தியானம் ரசீதில் கையெழுத்து வாங்க லோரியருகே போனேன். கதவு திறந்திருந்தது. பின்னியது ஒரு சாண் நீளம் இருக்கும். சுருண்ட நூல் இன்னும் முழுதாக நேராகவில்லை. துண்டு மேடும் பள்ளமுமாக இருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. துண்டைத் தொடையில் விரித்து, கைப்பேசியை வலது கையில் உயர்த்திப் பிடித்தார். இடது கையின் இரண்டு விரலால் கீழோரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். துண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரியும் அளவுக்கு நீண்டது. திரையில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு விரலை எடுத்தார். துண்டு சுருங்கித் தன் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் படம் எடுத்தார்.