செல்வராசுவின் சிரிப்பு

பாப்பா, தம்பி, இதை உங்களிடம் நேரில் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. திரையில் செல்வராசுவின் படம். என்னோடு லாரி ஓட்டியவன், விபத்தில் இறந்துபோனவன், வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எடுத்தேன்.

“அண்ணா, நான் அவரு சம்சாரம் பேசறனுங்க. இந்தப் படம் போயிரக்கூடாதுன்னுதான் அவரு நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் பண்றேன். நீங்க எடுத்ததுன்னு சொல்லியிருக்காரு. எங்கிட்ட ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்லீங்க. அன்னிக்கு எதுக்குங்க சிரிச்சாரு?”

நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி, அவன் புது லாரியை வெளியே எடுத்த நாள் அது. பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி நகர்ந்தபோது ஒரு பழம் நசுங்காமல் உருண்டுவிட்டது. வேறு பழம் வைத்து மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். இறங்கி வந்து பார்த்தவனிடம், “உன் வண்டியப் பாத்து எமனே பயந்து ஓடறான்டா” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அப்போது எடுத்த படம். அதே வண்டியில்தான் போனான்.

பழத்தால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அவளிடம் அதை எப்படிச் சொல்வது?

“உன்னப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம் அம்மிணி” என்றேன்.

“அப்ப இந்தப் படத்தச் சட்டம் போட்டு மாட்டோணும். பெருசா அனுப்புங்கண்ணா” என்றாள்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தனியாக உட்கார்ந்து பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அவன் காலடியில் அந்தப் பழம் முழுசாகக் கிடந்தது. படத்தின் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன்.